காட்டே ஹோபே

நாகலட்சுமி கல்கத்தாவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கணவன் வீரராகவனுக்கு அலிப்பூர் ஆபீசுக்கு மாற்றல். சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் பகலெல்லாம் அவளும் ஐந்து வயது மகள் அனன்யாவும்தான். வங்காளம் இன்னும் பிடிபடவில்லை. அனன்யா மட்டும் பார்க்கிற பெண்களையெல்லாம் மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடப் பழகியிருந்தாள். யார் எது சொன்னாலும் "ஹ்யா, ஹ்யா" என்று தலையாட்டிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் மாலை அனன்யா காய் நறுக்கும் கத்தியை எடுத்து விளையாடி விரலை வெட்டிக்கொண்டாள். ரத்தத்தைக் கண்டதும் நாகலட்சுமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிச் சுற்றி, மேலே நூலால் நாலு முடிச்சும் போட்டாள். காலையில் பார்த்தால் விரல்நுனி நீலம் பாரித்திருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து கிளினிக்குக்கு ஓடினாள்.

விரலைப் பார்த்த நர்ஸின் முகம் மாறியது. "காட்டே ஹோபே" என்றாள்.

கட்டுப் போடத்தானே சொல்கிறாள்! நாகலட்சுமிக்கு உயிர் வந்தது. "ஹ்யா, ஹ்யா, கட்டு!"

நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் இரண்டு விரல்களைக் கத்தரி மாதிரி அசைத்து, "காட்டே மானே கட், கட்!" என்று விளக்கினார். யார் கேட்டார்கள் அவரை?

வெட்டப் போகிறார்கள். குழந்தையின் விரலை வெட்டப் போகிறார்கள். அதற்குத் தலையாட்டியவளும் அவளேதான்.

அனன்யாவின் கையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். தெரிந்த நாலு வார்த்தை இங்கிலீஷும் பயத்தில் எங்கோ ஓடிவிட்டது. "ஐயோ வேண்டாம்! கட்டுங்கோ! கட்டு, கட்டு!"

"காட்சி தோ!" என்று நர்ஸும் கத்தினாள். வெட்டத்தானே போகிறேன் என்று அர்த்தம்; 'கட்டு' நர்ஸின் காதில் 'வெட்டு' என்றே விழுந்தது. இவள் கட்டு கட்டு என்று கதறக் கதற, கத்தரி கிட்டே வந்துகொண்டிருந்தது. சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டு வீரராகவனுக்கு போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். இங்கிலீஷில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "விரலை இல்லையம்மா, நீங்கள் கட்டிய கட்டைத்தான் வெட்ட வேண்டும். அதுதான் ரத்தத்தை அடைக்கிறது. இப்படிப் பிடித்துக்கொண்டே நின்றால் விரல் போய்விடும்."

அவள் பிடி தளர்ந்தது. கத்தரி நுழைந்து நூல் தெறித்தது. விரல்நுனி வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்லச் சிவந்தது. அனன்யா வலியில் வீறிட்டாள். அழுதால் நல்லதுதான், உணர்வு திரும்புகிறது என்றார் டாக்டர்.

நர்ஸ் புதுத் துணியை எடுத்தாள். குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள நாகலட்சுமி கை நீட்டினாள். அனன்யா சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அம்மா வேணாம்," என்றாள் தேம்பியபடி, நர்ஸைக் காட்டி. "மாஷி கட்டட்டும்."