சுடுபவரின் மணிக்கட்டு

எனக்குக் கோபம் அதிகம். பட்டாளத்தில் இருபத்தோரு வருஷம் துப்பாக்கி பழுது பார்த்துவிட்டு, இப்போது அமீரகத்தில், புஜைராவில் ஒரு ஷூட்டிங் கிளப்பில் அதே வேலையைப் பார்க்கிறேன். இந்தத் தொழிலில் கோபப்படாதவன் யாரையாவது சாகக் கொடுத்துவிடுவான் என்பது என் கட்சி. ‘அப்பா சிரிச்சா ஜுரம் இருக்கான்னு தொட்டுப் பாக்கணும்’ என்று என் மகள் பிருந்தா சொல்வாள்.

கிளப்பில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. பிஸ்டல் பாதியில் சிக்கிக்கொண்டால் சுடுகிறவர்கள் எல்லோரும் பிஸ்டலைத்தான் குறை சொல்வார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். நான் வாங்கிச் சுட்டுக் காட்டுவேன். பத்தும் சிக்காமல் பாயும். பிறகு ரிஜிஸ்டரில் ‘கோளாறு: சுடுபவரின் மணிக்கட்டு’ என்று எழுதுவேன். சுடும்போது பிஸ்டலின் மேல்பாகம் பின்னால் பாய்ந்து வெற்றுத் தோட்டாவை வெளியே எறிய வேண்டும். பிடித்திருக்கும் கை தளர்ந்தால் அந்த வேகம் கையோடு போய்விடும், வெற்றுத் தோட்டா வெளியேறும் வழியில் சிக்கி நிற்கும். இதில் அரபி, வெள்ளைக்காரன், நம்மாள் என்ற பேதம் கிடையாது.

போன நோன்புக்கு முந்தின வாரம் ஒரு ஆள், சிக்கிய பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டு, “பாய், இது என்ன?” என்று என் பக்கம் திரும்பினான். இழுத்துப் பார்த்ததில் சிக்கியது விழுந்து, அடுத்த தோட்டா உள்ளே ஏறியிருந்தது. விரல் விசைமேல் இருந்தது. பக்கத்து வரிசையில் ஒரு தாயும் மகளும் நின்றார்கள். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து மேலே முறுக்கினேன். குண்டு கூரையில் போயிற்று. அன்றைக்கே மேனேஜர் ஹஸ்னைனிடம் சண்டை போட்டு ஒரு விதி கொண்டுவந்தேன்: மணிக்கட்டு என்று ரிஜிஸ்டரில் ஏறிய ஆள், கை தேறும்வரை சுடும் வரிசையில் நிற்கவே கூடாது. விதியை எழுதியவன் நான்தான், அதில் எனக்குப் பெருமை வேறு.

இது செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் கிளப்பில் போட்டி. முதலாளி மூன்று புது பிஸ்டல் வாங்கியிருந்தார். எடை குறைந்தவை. சோதித்து அறிக்கை கொடுக்க நானும் ஃபாரூக்கும் கீழ்த்தளத்துச் சோதனை அறைக்குள் போனோம். ஃபாரூக் கீழக்கரைக்காரன், ரிஜிஸ்டர் பார்ப்பவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ரியாத்தில் பத்தா கடைத்தெருவில் பத்து வருஷம் மொபைல் விற்றுவிட்டு இங்கே வந்தவன். ஆள் ஒல்லி. நான் அவனைக் கொத்தவரங்காய் என்று கூப்பிடுவேன்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. போனை வெளியே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். இரும்புக் கதவை ஹஸ்னைன் வெளியிலிருந்து பூட்டுவார். அறிக்கையைக் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாகத் தள்ளி, அவர் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் கதவு திறக்கும். இதுவரை அந்தப் பூட்டு எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

முதல் பிஸ்டல் நாலாவது தோட்டாவில் சிக்கியது. வெற்றுத் தோட்டா பல்லிடுக்கில் மாட்டிய குச்சி போல நிமிர்ந்து நின்றது. எடுத்துவிட்டுச் சுட்டேன். ஏழாவதில் மறுபடி.

“டேய் கொத்தவரங்கா, பேக்கிங் கிரீஸ நேத்து ஒழுங்கா தொடச்சியா, இல்ல அத்தர் மாதிரி பூசி வச்சிருக்கியா?”

“நல்லா தொடச்சுதான்ணே எண்ணெ போட்டேன். பிரிச்சுப் பாருங்க.”

பிரித்தேன். துடைத்தது குறை சொல்ல முடியாத துடைப்பு. ஸ்பிரிங்கைப் பார்த்தேன், கொக்கியைப் பார்த்தேன், மேகஸினை மாற்றினேன், தோட்டாப் பெட்டியையே மாற்றினேன். ஐந்தாவதில் சிக்கியது. இரண்டாவது பிஸ்டலை எடுத்தேன். அதுவும். மூன்றாவது. அதுவும் அதே மாதிரி.

சந்தேகம் தீர, கிளப்பின் பழைய இரும்பு பிஸ்டலில் அதே தோட்டாவைப் போட்டுச் சுட்டேன். பத்தும் போயின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“தோட்டா நல்லது. புது பிஸ்டல் மூணும் தண்டம். திருப்பி அனுப்புன்னு எழுதுறேன்.”

ஃபாரூக்கின் முகம் செத்துப்போயிற்று. காரணம் எனக்குத் தெரியும். திருப்பி அனுப்பினால் விசாரணை வரும். பெட்டியின் சீலை உடைத்தது யார், துடைத்தது யார் என்று கேட்பார்கள். போன மாதம்தான் அவனுக்கு ஒரு வார்னிங் லெட்டர் வந்திருந்தது. அதற்குப் புகார் கொடுத்த புண்ணியவானும் நான்தான். இன்னொன்று வந்தால் கலாஸ், வேலை முடிந்தது, ஊருக்கு டிக்கெட்.

“அண்ணே, ஒண்ணு கேக்கவா? ஏசாதீங்க.”

“கேளு.”

“நீங்கதான் சொல்லுவீங்க, ஒரே கோளாறு மூணு எடத்துல வந்தா மூணுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாரு, அங்கதான் கோளாறுன்னு. மூணுக்கும் பொதுவா என்னண்ணே இருக்கு?”

“நீ தொடச்சது” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே இடித்தது. துடைத்ததைத்தான் பிரித்துப் பார்த்தாயிற்றே. மேகஸின் மாற்றியாயிற்று, தோட்டா மாற்றியாயிற்று. மாற்றாதது ஒன்று மேசைமேல் கிடந்தது. என் வலது கை.

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. மூன்று மாதமாகவே கட்டைவிரல் மரத்துப்போகிறது. காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல், ஏதோ கொஞ்சுகிறவன் மாதிரி மனைவி பானுப்பிரியாவைப் போடச் சொல்வேன். அவள் ஒருநாள், “ஆஸ்பத்திரில காட்டுங்க” என்றாள். இன்சூரன்ஸ் கார்டை நீட்டினால் ஆபீசுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில், “வேலை செய்யுற கைடி, வலிக்கத்தான் செய்யும்” என்று அதட்டினேன். பழைய இரும்பு பிஸ்டல் கனமானது, கை தளர்ந்தாலும் தன் எடையால் சமாளித்துக்கொள்ளும். புதுசு அப்படியில்லை. உடனே காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. “இந்தா, நீ சுடு” என்று ஃபாரூக்கிடம் நீட்டினேன். அவனுக்கும் சுட அனுமதி உண்டு. அவன் கையிலும் அது சிக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டேன். அவ்வளவு கேவலமான வேண்டுதலை நான் அதற்குமுன் வேண்டியதில்லை.

ஃபாரூக் பிஸ்மி சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டான். குறி ஊரெல்லாம் சிதறியது. ஆனால் பத்தும் போயின. இரண்டாவதில் பத்து. மூன்றாவதிலும் பத்து. வெற்றுத் தோட்டாக்கள் தரையில் விழுந்து உருண்டன.

அவன் பிஸ்டலைக் காலிசெய்து மேசையில் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான்.

“எத்தன நாளாண்ணே?”

“மூணு மாசம்.”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“வலின்னு நெனைக்கிறா. மரத்துப்போறது தெரியாது.”

அவன் தரையில் உட்கார்ந்து வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கினான். பொறுக்கிக்கொண்டே சொன்னான்: “இனிமே சோதனைன்னா நா சுடுறேன், நீங்க எழுதுங்க. ரெண்டு பேருதானே உள்ள வாறோம்? யாருக்குத் தெரியும்? பிருந்தா பரீட்சை முடியட்டும். பொறவு பாத்துக்கலாம்.”

பிருந்தா பன்னிரண்டாம் வகுப்பு. வருஷத்து நடுவில் பள்ளி மாற முடியாது. வேலை போனால் விசா போகும், வீட்டில் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். துப்பாக்கி பழுது பார்க்கிறவனுக்கு வேறு கம்பெனியில் வேலை, ஓட்டல்காரனுக்குக் கிடைக்கிற மாதிரி கிடைத்துவிடாது. அதிலும் கை போனவனுக்கு. அவன் சொன்னதைக் கேட்டபோது, கிணற்றுக்குள் கயிறு விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

ஆனால் சோதனை அறைக்குத்தான் ஃபாரூக் வருவான். நாளைக்கு மேலே, வரிசையில், ஒவ்வொருவன் பக்கத்திலும் நிற்கப்போகிறவன் நான். எவனாவது ஒருத்தன் மறுபடியும் “பாய், இது என்ன?” என்று திரும்புவான். அன்றைக்கு முறுக்கிய கை இதுதான். அதே கையால் மேசை விளிம்பைப் பிடித்து அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரல் வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

அறிக்கைத் தாளை எடுத்தேன். பிஸ்டல்: மூன்றும் சரி. தோட்டா: சரி. கோளாறு என்ற இடத்தில் நூறு தடவை எழுதிய அதே வார்த்தைகளை இங்கிலீஷில் எழுதினேன். சுடுபவரின் மணிக்கட்டு. அடுத்த கட்டத்தில் சுடுபவர் பெயர். பேனா அங்கே நின்றுவிட்டது. எவ்வளவோ முயன்றேன், எழுத வரவில்லை. காலியாகவே விட்டு இடுக்கில் தள்ளினேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

ஹஸ்னைன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று படித்தார். லக்னோக்காரர், நல்ல மனுஷன், எப்போதும் அவசரம். ஸ்பீக்கரில் சிரிப்புக் கேட்டது.

“மறுபடியும் மணிக்கட்டா, ஜெயசீலன் பாய்? பிஸ்டல் ஓகேதானே? அச்சா.” அவர் இந்தியில்தான் பேசுவார். “பேரு போடலையே. உள்ள ரெண்டு பேருதான் இருக்கீங்க.” கண்கள் என்னைத் தாண்டிப் போயின. “ஃபாரூக், நீயா?”

என்னைக் கேட்கவே இல்லை. என்னைக் கேட்க அவருக்குத் தோன்றவே தோன்றாது.

ஃபாரூக் நிமிர்ந்தான். அவன் கையில் வெற்றுத் தோட்டா டப்பா. ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை.

“ஆமா பாய். நான்தான்.”

“சொன்னேன்ல, இவன் கைக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு. போன மாசம் ஒரு லெட்டர், இப்ப இது. நாளைக்கு நீ வரிசைப் பக்கம் வராத. போட்டி முடிஞ்சு ஆபீசுக்கு வா.” அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இன்னொரு கையில் கதவுச் சாவி தயாராக இருந்தது.

ஃபாரூக் இரண்டு கண்ணையும் ஒருதரம் மூடித் திறந்தான். பேசாதே என்று அர்த்தம். அவனுடைய மூத்தது யூகேஜி படிக்கிறது. போன மாதம் அவன்மேல் புகார் எழுதியபோது அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

ஹஸ்னைன் காலியாக இருந்த கட்டத்தில் முதல் எழுத்தை எழுதிவிட்டார். தலைகீழாக இருந்தாலும் எனக்குத் தெரிந்தது. அவர் எழுதி முடித்தால் கதவு திறக்கும். நான் வீட்டுக்குப் போகலாம், பிருந்தா படித்துக்கொண்டிருப்பாள், சத்தம் போடாமல் செருப்பைக் கழற்றலாம்.

வலது கையால் கண்ணாடியைத் தட்டினேன். சத்தம் வரவில்லை. இடது கையால் ஓங்கி அடித்தேன். பேனா நின்றது.

“அவன் பேர அடிங்க, ஹஸ்னைன் பாய்.”

“க்யோன்? ஏன்?”

“அவன் முப்பதும் சிக்காம சுட்டான். சிக்கினது எனக்கு.”

அவர் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். ஃபாரூக்கைப் பார்த்தார். ஃபாரூக் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டான். ஹஸ்னைனின் சிரிப்பு மெல்ல நின்றது. பேனாவை மூடிக் கண்ணாடியருகே வந்தார்.

“கையைக் காட்டுங்க, பாய்.”

வரிசையில் எத்தனையோ பேரிடம் நான் கேட்டது இது. கண்ணாடிமேல் வலது கையை விரித்து வைத்தேன். நாலு விரல் நேராக நின்றன. கட்டைவிரல் நிற்கவில்லை.

அவர் தாளில் எழுதியதை அடித்துவிட்டு, என் பெயரை எழுதினார். கதவைத் திறந்தார்.

வெளியே வந்து, பெட்டியிலிருந்து என் போனை இடது கையால் எடுத்தேன்.