யாரும் லிஃப்ட்டில் ஏறாதீங்க

குடியிருப்பின் கைப்பேசிக் குழுவுக்கு அட்மின், மூன்றாம் மாடித் தையல்காரி. தண்ணீர் எப்போது வரும் என்று அறிவிக்கும் வேலைதானே என்று ஒப்புக்கொண்டிருந்தாள்.

போன வருடம் அதே குழுவில் யாரோ, "பிள்ளை பிடிக்கிறவன் சுத்துறான்" என்று ஒரு படத்தைப் போட்டார்கள். படத்தில் இருந்தவர் அந்தக் குடியிருப்பின் லிஃப்ட் மெக்கானிக். புரளி என்று தெரிவதற்குள் அவருடைய முன்பற்கள் போய்விட்டன. அப்படிப்பட்ட அடிதடிகளுக்குப் பிறகுதான் புதுச் சட்டம் வந்தது: பீதி கிளப்பும் பொய்யை அட்மின் உடனே அழிக்காவிட்டால் அவருக்கும் சிறை. நல்ல சட்டம் என்றுதான் தையல்காரியும் நினைத்தாள்.

இன்று காலை அந்த மெக்கானிக்கே குழுவில் எழுதினார்: "லிஃப்ட் கயிறு நைஞ்சிருக்கு. நான் நிறுத்தினா செயலாளர் திரும்ப ஓடவிடுறார். யாரும் ஏறாதீங்க." கூடவே ஒரு படம்.

உடனே குடியிருப்புச் சங்கச் செயலாளர் அவளை அழைத்தார்.

"பீதியைக் கிளப்புறான், பார்த்துட்டு சும்மா இருக்கீங்களா? புகார் எழுதியாச்சு. அழிக்கலைன்னா உங்க பேரும் சேரும்."

"படம் போட்டிருக்காரே சார்..."

"எந்தக் கட்டடத்துக் கயிறோ! உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. போன வருடப் படமும் உண்மை மாதிரிதான் இருந்தது. அழித்துவிட்டாள்.

தைத்த துணிகளோடு கணவர் மேல்மாடிக்குக் கிளம்பிப் போனது அப்புறம்தான் உறைத்தது. அழைத்தாள், எடுக்கவில்லை. படிக்கட்டுக்கு ஓடினாள். சுவருக்குள் ஏதோ அறுபட்டது. கட்டடமே ஒரு குலுக்கு குலுங்கியது.

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே சாய்ந்து தொங்கியது.

"ஏங்க! உள்ளேயா இருக்கீங்க?"

"இருக்கேன். அசையவே பயமா இருக்கு. நீ கிட்ட வராதே."

மெக்கானிக் ஓடிவந்து அவரை மெல்ல வெளியே இழுக்கும்வரை அவளுக்கு உயிர் உயிராக இல்லை.

"நான்தான் அழிச்சேண்ணா," என்றாள்.

"தெரியும்மா. என்னை அடிச்ச அன்னைக்கு அழிக்க ஆளில்ல. இன்னைக்கு அழிக்க ஆள் இருந்துச்சு, மேலே வந்து கயித்தைப் பார்க்கத்தான் ஆளில்ல."

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியை எடுத்தாள்.

"வேணாம். வாயைக் கொடுத்து மாட்டிக்காதே," என்றார் கணவர்.

"மெக்கானிக் சொன்னது உண்மை. பார்க்காமல் அழித்தது என் தப்பு," என்று எழுதிப் போட்டாள். எல்லோரும் படித்தார்கள். செயலாளர் மட்டும் எழுதினார்: "புகாரில் உங்கள் பெயரும் சேர்ந்தது."

அவள் தன் பதிவை அழிக்கவில்லை. கதவைத் தாழ்போட்டுவிட்டு, படியில் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் போலீஸோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.