புகழ்ச்சிக்காரன் வீட்டில் ஒரு பெயர்

தாஸிமுக்குச் சொற்கள் மூடுபனி மாதிரி. விடியற்காலையில் கண்டி வாவியின் மேல் அது எப்படித் தானாக எழும்புமோ, அப்படித்தான் அவன் தலைக்குள்ளும் எழும்பும். எவன் முகத்தில் போய்ப் படிகிறதோ அவன் பெரிய மனிதன். கம்பளையில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைக்கு வாழ்த்துப்பா, கண்டியில் யாராவது மௌத்தானால் இரங்கற்பா, பதவி கிடைத்தவனுக்குப் பாராட்டுப் பத்திரம். மாதச் சம்பளம் என்பது கிடையாது. ஒருவரும் மணமுடிக்காமல், சாகாமல், பதவி பெறாமல் ஊர் சும்மா இருந்துவிட்டால் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான். ஆகையால் வந்த வேலையை அவன் வேண்டாம் என்றதேயில்லை.

மூத்தவன் பிறந்தபோது நடந்த கூத்தும் அதனால்தான். பெயர் வைக்கும் நாளன்று கம்பளை ஸ்டேஷனில் உட்கார்ந்து, யாரோ ஒரு மாப்பிள்ளையைப் பூரணச் சந்திரனோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்ததில், கண்ணெதிரே ரயில் வந்து போனது அவனுக்குத் தெரியவில்லை. அக்குறணையில் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளைக்குத் தலைமுடி இறக்கி, மாமனார் தன் வாப்பாவின் பெயரையே வைத்துவிட, வந்தவர்கள் சாப்பிட்டும் போயிருந்தார்கள். தகப்பனுக்கு எஞ்சியது எலும்பு.

இப்போது பெண்பிள்ளை பிறந்திருந்தது. தாய்வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி மனைவி மஸீனா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்:

"இந்தப் புள்ளக்கி நீங்கதான் வந்து பேர் வெக்கோணும். வராட்டி நான் இஞ்சயே உம்மா ஊட்டில இருந்துக்கொள்றேன். நீங்க கண்டியில பெரிய மனிசன்மாரோட குடும்பம் நடத்துங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாஸிம் பயந்திருக்கமாட்டான். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அந்த நாள் வந்தபோது அவன் கண்டியில், கொழும்புத் தெருவில், பளீல் முதலாளியின் கருவாட்டுக் கடையில் மாட்டிக்கொண்டிருந்தான். முதலாளிக்கு அரசாங்க ஏஜண்டு துரையின் தயவில் சமாதான நீதவான் பட்டம் கிடைத்திருந்தது. மறுநாள் வரவேற்பு. அங்கே வாசிக்கும் பாராட்டுப் பத்திரம் தாஸிமின் வேலை. வரவேற்புச் சபைக்குத் தலைவர் முதலாளியின் மச்சான். காரியதரிசி அவருடைய கணக்கப்பிள்ளை. பொதுமக்கள் இப்படித்தான் பொங்கியெழுந்திருந்தார்கள்.

"தாஸிம், இது போதாது," என்றார் முதலாளி. "மாத்தளை ஹபீல் ஹாஜியாருக்கு வாசிச்சதில ஒம்பது பட்டம். எனக்கு எட்டுத்தான் இரிக்கி."

"கண்டி மாநகரின் கலங்கரை விளக்கேண்டு போட்டிரிக்கேனே, முதலாளி."

கண்டிக்குக் கடல் எங்கே என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.

"அது சரி. கொடைவள்ளலே எண்டது அவருக்கும் போட்டதுதானே?"

"அவருக்கும் நான்தானே எழுதினேன்."

"அதான் சொல்றேன். அவருக்குப் போடாத ஒண்டு வேணும்."

தெருவில் அக்குறணை பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் புறப்பட்டது. தாஸிம் எழுந்தேவிட்டான். "முதலாளி, இண்டக்கி என்ட புள்ளக்கிப் பேர் வெக்கிற நாள். நான் போகாட்டிப் பொஞ்சாதி ஊட்டுக்கு வரமாட்டா."

"அதுக்கென்ன, நானும் அக்குறணைக்குத்தானே போறேன். காரில ஏறு. போற வழியில யோசி."

ஆஸ்டின் கார் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறும்போது மழைத்தூற்றல் பிடித்தது. பல இரவுகள் கண்விழித்து எழுதியவனுக்கு இமை தாழ்ந்தது. மகாவலித் தண்ணீரிலிருந்து பட்டங்கள் ஒவ்வொன்றாக நனைந்த சிறகோடு எழும்பிவந்து முதலாளியின் துருக்கித் தொப்பியில் உட்கார்ந்தன. பாரம் தாங்காமல் தொப்பி வளர்ந்தது. காரின் கூரையைத் துளைத்தது. பாக்கு மரங்களுக்கு மேலே போனது. உச்சியில் ஒரு குழந்தை உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அதை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கார் நின்றது. மாமனார் வீட்டு மண்டபத்தில், பெயர் ஓத வந்த லெப்பை காத்திருந்தார். பக்கத்தில் மாமனார், தன் வம்சத்துப் பெயர் இன்னொன்றை வாயில் அடக்கியபடி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் பெண்கள். முதலாளியே உள்ளே வரக்கண்டு, இருந்த நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டார்கள்.

"புள்ளட வாப்பா வந்தாச்சு," என்றார் லெப்பை. "பேரச் சொல்லுங்க."

தாஸிம் பாதித் தூக்கத்தில் வாய் திறந்தான். பழகிய வாய்.

"கண்டி மாநகரின் கலங்கரை விளக்கே, ஏழைகளின் கற்பகத் தருவே…"

மண்டபம் திகைத்தது. திரைக்குப் பின்னால் ஒரு கிழவி வெடித்தாள்: "அல்லாவே! பள்ளிக்கூடத்தில இந்தப் பேரக் கூப்பிட்டு முடியுமுன்னே மணி அடிச்சிடுமே!"

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. நெகிழ்ந்துபோய் எழுந்து நின்றார். "தாஸிம்ட மனசு எனக்கு விளங்குது. என்ட பேரையே வெச்சிடுங்க. பளீலா. வெச்சா, இனிமே என்ட கடை நோட்டீஸ், மகன்மார் அஞ்சு பேர்ட கலியாணப் பாட்டு எல்லாம் இவனுக்குத்தான். வேற ஆளுக்கு ஒரு வரி குடுக்கமாட்டேன்."

ஐந்து கலியாணம்! மரவள்ளிக்கிழங்கு தாஸிமின் வாழ்க்கையைவிட்டே ஓடத் தயாரானது. மாமனார்கூடத் தலையாட்டினார். ஆனால் திரையின் ஓரத்தைப் பிடித்திருந்த மஸீனாவின் விரல்கள் அசையவில்லை.

அவன் பிள்ளையைப் பார்த்தான். மழித்த தலையில் சந்தனம். உவமை ஒன்றுக்காகக் காத்திருந்தான், வரவில்லை. பனி விலகிய வாவி போலத் தலை வெறுமையாக, பளிச்சென்று கிடந்தது.

"ஸுலைஹா," என்றான்.

"ஸுலைஹா… பொறகு?" என்றார் லெப்பை, இன்னும் வருமோ என்ற பயத்தில்.

"அவ்வளவுதான்."

முதலாளியின் முகத்தில் கருவாடு காய்ந்தது. "அப்ப என்ட ஒம்பதாவது?"

"இண்டக்கி வராது, முதலாளி. எட்டோட வாசிக்கச் சொல்லுங்க."

சோற்றில் கைவைக்காமல் முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தபின் மஸீனா கேட்டாள். "போயிட்டாரா?"

"போயிட்டார்."

"அஞ்சு மகன்மாரும்?"

"அவங்களும்தான்."

"அப்ப பொழப்பு?"

"மத்தவங்க கலியாணம் முடிக்காமலா இருக்கப்போறாங்க? மௌத்தாகாமலா?"

அவள் சற்று யோசித்தாள். பிறகு பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். "சரி, புடிங்க. மூத்தவனுக்குச் சோறு ஊட்டோணும். நீங்க இவளோட பேசிக்கொண்டிருங்க."

வெளியே மிளகுக் கொடிகளில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. தாஸிம் குனிந்து, தனக்குத் தெரிந்த அழகான சொல் ஒன்றை அவள் காதில் சொல்லிப் பார்த்தான். ஸுலைஹா முகம் முழுக்கக் கொட்டாவி விட்டாள். எத்தனையோ பெரிய மனிதர்களை அவன் புகழ்ந்திருக்கிறான். ஒருவர்கூட இப்படி உண்மையைச் சொன்னதில்லை.