ஏசிக்குத் தைத்த உறை

கொளஞ்சிநாதனுக்கு விருத்தாசலம் பாலக்கரையில் தையல் கடை. போன சித்திரையில் வீட்டு ஜன்னலில் ஓர் ஏசி மாட்டினார். ஐப்பசியில் பெய்த முதல் மழையிலேயே ஏசிக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கிக் கட்டில் நனைந்துவிட்டது. மாட்டிய மெக்கானிக்கே வந்து கழற்றினார்.

“கோடை வர்ற வரைக்கும் ஈரம் படாத எடத்துல வைங்க. நேரா நிக்கணும். சாய்ச்சுப் போட்டா கம்ப்ரசர் ஆயிலு பைப்புல ஏறிடும். பிளாஸ்டிக்க சுத்தாதீங்க, உள்ள வேர்த்துடும். துணி போதும். எலி நொழையாம பாத்துக்குங்க.”

ஓர் அறையும் சமையல்கட்டும் மட்டுமே உள்ள வாடகை வீட்டில் அதற்கு இடமில்லை. கூடப் படித்த ஆதிநாராயணன் செராமிக் பொம்மைகள் செய்யும் சின்ன யூனிட் ஒன்றை நடத்தி வந்தார். சேதி தெரிந்ததும் தானாகவே கடைக்கு வந்தார்.

“எங்க பேக்கிங் ரூம்ல வையி கொளஞ்சி. சூளைக்கு அடுத்த ரூமு. அடைமழையிலயும் செவுரு வெதுவெதுன்னு இருக்கும்.”

கேட்காமலே ஒருவர் ஏன் இடம் தர வேண்டும்? அன்று முழுக்க கொளஞ்சிநாதனுக்கு இதே யோசனைதான். ஏசிக்குள் சுருள் சுருளாகச் செம்புக் குழாய். செம்பு விற்கும் விலையில் யார் மனதும் மாறலாம்.

“அவரு வூட்டுலயே ரெண்டு ஏசி ஓடுது. உங்களுத வச்சிக்கிட்டு அவரு என்ன பண்ணப்போறாரு?” என்றாள் மனைவி சிவகாமசுந்தரி.

அவர் ஏசியின் முன்மூடியைக் கழற்றினார். ஏசியின் உள்தகட்டில் மார்க்கரால் தன் பெயரை எழுதினார். அதன் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டார். கெட்டியான காக்கித் துணியில் உறை தைத்து, அதன் வாயைச் சிவப்பு நூலால் மூடினார். பதினோரு தையல். பேக்கிங் அறையில் மரப்பலகை மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

மனம் கேட்கவில்லை. மதியம் ஆதிநாராயணன் சாப்பிட வீட்டுக்குப் போவார். வேலையாட்கள் முன்பக்கம் வேப்பமரத்தடியில் சாப்பிடுவார்கள். பின்பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும்தான். பத்து நாளைக்கு ஒருமுறை கொளஞ்சிநாதன் அந்த வழியாகப் போய், தையலைப் பிரித்துக் குழாயையும் பெயரையும் பார்த்துவிட்டு, மறுபடி பதினோரு தையல் போட்டு மூடிவிட்டு வருவார். மார்கழியில் ஒருநாள் நான்கு தையல் போட்டிருந்தபோது வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கமாக வெளியேறினார்.

மறுவாரம் போனபோது உறை வாய் முழுக்கக் கோணி ஊசியால், சணல் நூலில் தைக்கப்பட்டிருந்தது. கத்தரியால் சணலை வெட்டினார். பிரித்துப் பார்த்தார். குழாய் இருந்தது. பெயர் இருந்தது. இருந்தும் நம்பிக்கை வரவில்லை. கம்ப்ரசரை மாற்றியிருந்தால் வெளியே தெரியுமா? சாயங்காலம் வரை காத்திருந்து ஆதிநாராயணனிடம் நேராகவே கேட்டார்.

“ஒறைய யாரு பிரிச்சது?”

ஆதிநாராயணன் முகம் சுருங்கியது. “ஒங்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். நம்ம பேக்கிங்ல வீராயின்னு ஒரு அம்மா இருந்தாங்க இல்ல, அவங்கதான் போல. பாதி பிரிச்ச மாதிரி கெடந்துச்சு. நான்தான் சணல் போட்டுத் தச்சு வச்சேன். அந்த ரூமுக்கு வேற யாரும் போறதில்ல. மறுநாளே வேலைக்கு வர வேணாம்னுட்டேன். நல்லவேள, பொருளு எதுவும் போவல.”

“அவங்க ஒத்துக்கிட்டாங்களா?”

“நான் எதும் கேக்கல. கேட்டா அழுவாங்க.”

கொளஞ்சிநாதன் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இரண்டு நாள் வேலை ஓடவில்லை. ஒரு பள்ளிச் சீருடைச் சட்டைக்குக் கை நீளத்தைத் தவறாக வெட்டினார். ராத்திரிச் சோற்றை அளைந்துகொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

சிவகாமசுந்தரி சோற்றுப் பானையை மூடினாள். பிறகு, “இத எங்கிட்ட சொல்லி என்னங்க?” என்றாள்.

காலையில் யூனிட்டுக்குப் போனார். “பிரிச்சது நான்தான் ஆதி. ஒரு தடவ இல்ல, ஏழெட்டு தடவ.”

ஆதிநாராயணன் கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தார். “பிரிச்சு?”

“உள்ள இருக்குதான்னு பாத்தேன்.”

சாயங்காலம் இருவரும் ஒரே வண்டியில் வீராயி குடியிருக்கும் பூதாமூருக்குப் போனார்கள். வீராயி இப்போது வேறொரு யூனிட்டில் வேலை பார்த்தாள். அப்போதுதான் வந்து தெருக்குழாயில் கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். கொளஞ்சிநாதன் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

“தெரியும்” என்றாள் வீராயி. “நீங்க வந்து பிரிக்கறத ரெண்டு மூணு தடவ பாத்திருக்கேன். ஒங்க பொருள நீங்க பாக்குறீங்கன்னு வுட்டுட்டேன்.”

ஆதிநாராயணன் அதிர்ந்துபோனார். “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே வீராயி.”

“நீங்க கேக்கவே இல்லீங்களே மொதலாளி. நாளையிலேருந்து வராதன்னீங்க. எதுக்குன்னு பக்கத்துல வேல செய்யறவங்க சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

“தப்புதான். திங்கக்கெழம வந்துடு.”

“வேணாங்க. நாளைக்கு ஒரு பொம்ம கொறஞ்சாலும் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பீங்க.” வீராயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கொளஞ்சிநாதன் பக்கம் திரும்பிக் கேட்டாள்: “ஏசி நல்லா இருக்குதுங்களா?”

“இருக்குதுக்கா.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திய ஆதிநாராயணன் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

“எம்மேல சந்தேகமா?”

“ஆமா” என்றார் கொளஞ்சிநாதன்.

சரக்கு வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. கேட் திறந்ததும் ஆதிநாராயணன் வண்டியைக் கிளப்பினார். மறுநாள் ஓர் ஆட்டோவில் ஏசி வந்து சேர்ந்தது. சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுத்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கூட யாரும் வரவில்லை. சிவகாமசுந்தரி அரிசி டிரம்மை நகர்த்தி அதற்கு இடம் செய்தாள். ஏற்கெனவே இடமில்லாத அந்த அறையில் இரண்டு மாதம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

பங்குனியில் மெக்கானிக் வந்து மாட்டினார். எந்தக் கோளாறும் இல்லை, நன்றாகவே குளிர்ந்தது. ஆதிநாராயணன் வழியில் பார்த்தால் இப்போதும் நின்று பேசத்தான் செய்கிறார். ஆனால் கொளஞ்சி என்று கூப்பிடுவதில்லை. “வாங்க டெய்லரே” என்கிறார்.