நெய்த்தேங்காய்க்கு இரண்டு பதில்

ஹட்டன் கடைவீதியில் சண்முகராஜாவின் மளிகைக் கடைப் பின்னறையில் அன்று நால்வர் இருந்தார்கள். குருசாமி சண்முகராஜா ஐயப்பன் படத்துக்குக் கீழே பாயில். சபரிமலை போய் முந்தின நாள் திரும்பிய ஜீவராஜ் பருப்பு மூட்டைமேல். மாலை போட்டிருந்த லொறி ஓட்டுநர் இராமையா கதவோரம். அவர் மனைவி நாகலெட்சுமி வாசற்படியில்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்த மகள் கிருஷாந்தி பிழைத்தால், அவள் கையால் நெய் ஊற்றிய தேங்காயை மலைக்குச் சுமப்பதாக இராமையாவின் நேர்த்தி. அவள் பிழைத்துவிட்டாள். நாளை நெய் நிறைப்பு, அடுத்த வாரம் விமானம்.

"என் தேங்கா எயார்போட் குப்பைத்தொட்டியில கெடக்கு சாமி" என்றான் ஜீவராஜ்.

"என்னாது?" என்றார் சண்முகராஜா.

"உள்ள நெய் இருக்காம், கையில கொண்டுபோகக் கூடாதாம். பக்கத்து வரிசையில தனுஷன் சாமிகிட்டயும் அதே தேங்காதான். அவர கும்பிட்டு அனுப்புனாங்க!"

இராமையா குருசாமியைத் திரும்பிப் பார்த்தார். இருமுடியைக் கீழே வைக்கக் கூடாதென்று, பெட்டியில் போடவிடாமல் கையில் எடுத்துப்போகச் சொன்னவர் குருசாமிதான்.

"அப்புறம்?" என்றார் இராமையா.

"மலையில எல்லாரும் அபிஷேகத்துக்குத் தேங்கா ஒடச்சாங்க. நான் கையக் கட்டிக்கிட்டு நின்னேன்."

சண்முகராஜா விமான நிலையத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துச் சிங்களத்தில் விசாரித்தார். தாராளமாகக் கொண்டுபோகலாம் என்றாள் ஒரு பெண். நாகலெட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பேரக் கேளுங்க குருசாமி!" என்றார் இராமையா.

அதற்குள் அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். மறுபடியும் அதே இலக்கம். இந்தத் தடவை ஓர் ஆண். முடியவே முடியாதாம்.

சண்முகராஜா போனைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் ஒரே மேசையிலதான் குந்தியிருப்பாங்க" என்றான் ஜீவராஜ்.

சண்முகராஜா தொண்டையைச் செருமினார். "அந்தப் பொம்பள நிக்கிற வரிசையாப் பாத்து போயிருங்க சாமி."

"மொகந்தெரியாத பொம்பளய எங்கன்னு தேடுவேன்? புள்ள ஊத்துன நெய்யக் குப்பையில போட்டாங்கன்னா, அவ மொகத்துல எப்புடி முழிப்பேன்?"

"அப்ப நாளைக்கு ஊத்த வேணாங்க சாமி" என்றாள் நாகலெட்சுமி.

இராமையா அவளையே பார்த்தார். பிறகு தலையாட்டினார். "எழுத்துல பதில் வரட்டும். வரலன்னா டிக்கெட்டு போனாப் போகட்டும். மாலையோட காத்துக்கிட்டு இருப்பேன்."

விமான நிலையத்துக்கு ஒரே கேள்விதான் எழுதினார்கள், தமிழிலும் சிங்களத்திலும்: முடியுமா, முடியாதா? தபால் கந்தோரில் நாகலெட்சுமி பசை தடவி உறையை அழுத்தி ஒட்டினாள். பதிவுத் தபால் முத்திரை குத்தி, எழுதுவினைஞர் அதைக் கொழும்புப் பையில் போட்டார்.