எழும்பாத விமானம்

நான் கட்டிய ஒற்றை ஆள் விமானம் கொட்டகையில் ஒழுங்காக வேலை செய்யும். உத்திரமேரூர் ஏரிக்குக் கொண்டுபோனால் மட்டும் சண்டித்தனம் பண்ணும். லீவரை இழுத்தால், விசிறிக்குப் பின்னால் அச்சில் ஒரு வளையம் நகர்ந்து விசிறி இலைகளின் சாய்வை மாற்ற வேண்டும். மாறினால்தான் விமானம் எழும்பும். கொட்டகையில் வழுக்கிக்கொண்டு நகர்ந்த வளையம், வறண்ட ஏரியில் அசையவே அசையாது. 1978-ஆம் வருஷக் கோடை முழுக்கக் கம்பியை மாற்றினேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், வாலாஜாபாத் லேத் பட்டறையில் புது வளையமே கடைந்து வாங்கி வந்தேன். வேடிக்கை பார்க்க வந்த ஊர் சிரித்துவிட்டுப் போனது.

ஒரு நாள் ஏரியில் விமானம் ஓடத் தொடங்கும் முன்பே லீவர் இறுகியது. எரிச்சலில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்தேன். வளையம் நகரும் இடத்தில், அச்சைச் சுற்றிக் கொத்தாகக் கறுப்புத் திருஷ்டிக் கயிறு. அதை அவிழ்க்க அக்கா கோவிந்தம்மாள் ஓடிவந்தாள்.

"ஒவ்வொரு தபாவும் கட்டினியா?"

"ஆமாண்டா. நீ ஓட்டி முடிச்சதும் அவுத்து முச்சந்தில போட்டுடுவேன்."

"உன் கயித்தாலதான்க்கா இது மேல ஏறல!"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏறல இல்ல? அப்போ நீ கீழ வுழவும் இல்ல. கயிறு வேலை செஞ்சிக்கினுதான் கீது."