பீடி குடிக்காதவன்

சாக்கு நிரம்பி வந்ததும் வாயைச் சேர்த்துப் பிடித்துக் கோணி ஊசியால் ஒன்பது தையல் போட வேண்டும். அதற்குள் அடுத்த சாக்கு வந்து நிற்கும். கல்மாவு அரைக்கும் கொட்டகையில் அவளுக்கு அதுதான் வேலை. மூக்கை மூடித் துணி கட்டியிருந்தாலும் சாயங்காலம் துப்பினால் எச்சில் வெள்ளையாகத்தான் விழும்.

அவள் புருஷன் அதே கொட்டகையில் பதினாலு வருஷம் அரவை எந்திரம் ஓட்டியவன். எட்டு மாதமாகப் படுத்த படுக்கை. நுரையீரலில் கல்தூள் படிந்து இறுகிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் படத்தைக் காட்டிச் சொன்னார்கள். வாரத்துக்கு இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர் கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிளார்க் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"சின்ன வயசிலேர்ந்து பீடி குடிச்சேன், அதனால வந்த சீக்கு, வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துதான். சிலிண்டர் அது பாட்டுக்கு வந்துக்கிட்டிருக்கும்."

"போடலன்னா?" என்றாள் அவள்.

"அப்புறம் என் கையில இல்லம்மா."

அவன் பீடியைத் தொட்டதே கிடையாது. கொட்டகையில் இருமிக்கொண்டிருந்த ஏழு பேர் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார்கள். பழைய ஆள் என்று இவனுடைய வாக்குமூலத்தைத்தான் அதிகாரி கேட்டிருந்தார். எல்லாம் தெரிந்தும், "அடுத்த ஞாயிறு போட்டுத் தர்றேன் சார்," என்றான். அன்றைக்குப் பேனா பிடிக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

சாவு என்றால் அவனுக்கு அப்படி ஒரு பயம். கூட வேலை பார்த்தவன் மூச்சுக்குத் திணறிப் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். அதிலிருந்து சிலிண்டர் மீட்டரின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். முள் இறங்க இறங்க அவள் மணிக்கட்டை இறுக்குவான். விரல் பதிந்த இடம் நீலம் பாரித்துக் கிடக்கும். கதவைச் சாத்தக் கூடாது. அவள் குளிக்கப் போனால்கூட அவனுக்குக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே குளிக்க வேண்டும்.

சர்ச்சுக்குத் தவறாமல் போன குடும்பம்தான். ஆனால் பயம் இருந்த இடத்துக்கு அது எட்டவில்லை. வேலை விட்டு வந்ததும் அவள் பைபிளை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கேட்டபடியே அவன் கண்ணயர்வான், அவளுக்கு அடுப்பைப் பார்க்க நேரம் கிடைக்கும். அதற்காகத்தான் படித்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் படித்தது, இயேசுவைப் பிடித்துக்கொண்டு போவதற்கு முன்னால் அவர் தோட்டத்தில் ஜெபம் பண்ணிய பகுதி.

"நில்லு," என்றான். "அவருக்கும் பயமா இருந்துச்சா?"

"அப்படித்தான் போட்டிருக்கு. வேர்வை ரத்தம் மாதிரி விழுந்துச்சாம். இது வேணாம், எடுத்துடுன்னு அப்பாகிட்ட கேக்கறாரு."

"எடுத்தாரா?"

"இல்லையே."

"கூட இருந்தவங்க?"

"தூங்கிட்டாங்க."

அவன் மறுநாளும் அதையே படிக்கச் சொன்னான். அதற்கு மறுநாளும். வெள்ளிக்கிழமை அவள் புத்தகத்தை மூடும்போது, "நான் மட்டும் தனியா போறேன்னு நெனச்சுட்டேன்," என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது. "அவரு அந்த வழியில போயிட்டுத் திரும்பி வந்திருக்காரு. பயந்துக்கிட்டேதான் போனாரு. அப்ப நானும் போகலாம். அந்தப் பக்கம் அவரு நிப்பாரு."

"சாப்பாடு ஆறுது," என்றாள். பிறகுதான் கவனித்தாள். முள் அடியில் நின்றது. அவன் கை அவள் மணிக்கட்டின் மேல் வெறுமனே கிடந்தது.

"கதவைச் சாத்து. காத்து அடிக்குது," என்றான்.

சனிக்கிழமை தொழிலாளர் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினான். அதிகாரி வந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். மறுநாள் கிளார்க் வந்தபோது, "குடிக்காத பீடியைக் குடிச்சேன்னு எழுதிக் கொடுத்துட்டு, அங்க போயி அவரு முகத்தில எப்படி சார் முழிக்கறது?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது. கிளார்க்கே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"வீட்டம்மாவை நெனச்சுப் பாருய்யா."

"அவளும் அந்தத் தூசியைத்தான சார் முழுங்கறா. அவளை நெனச்சுத்தான்."

திங்கட்கிழமை இரண்டு பேர் வந்து சிலிண்டரைக் கழற்றி உருட்டிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லை. வியாழன் காலை மூச்சு இழுத்துக்கொண்டது. அவள் பைபிளை எடுத்தாள். "வேணாம். நீ உட்காரு, போதும்," என்றான். திணறல் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் கையை அவன் இறுக்கவில்லை. பத்து மணிக்குப் போனான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போனாள், போகாமல் முடியாது.

அவனுடைய வாக்குமூலத்தின் பேரில் அடுத்த மாதம் அதிகாரிகள் கொட்டகையைப் பார்வையிட வந்தார்கள். அன்று விடிந்ததும் கம்பெனி ஆட்கள் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பாதி எந்திரம் நின்றிருந்தது. ஆளுக்கொரு புது முகமூடி கொடுத்தார்கள். ரப்பர் வாசனை அடித்தாலும் மூச்சு லேசாக உள்ளே போயிற்று. இப்படி ஒரு மூச்சு உண்டு என்பதே அவளுக்கு மறந்திருந்தது. அதிகாரிகள் பார்த்து எழுதிக்கொண்டு மூன்று மணிக்குக் காரில் ஏறினார்கள்.

கார் கேட்டைத் தாண்டியதும் கிளார்க் ஒரு அட்டைப் பெட்டியோடு வரிசை நெடுக வந்தார். ஒவ்வொருவராக முகமூடியைக் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். அவளும் போட்டாள். நின்றிருந்த எந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. கிளார்க் பெட்டியை மூடி, மேலே டேப் ஒட்டினார்.